பெயர் சொல்ல அவசரம் வேண்டாம்

கேள்வி: நான் கணித ஆசிரியை. சிறு வயதில் ஏழெட்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றவள் என்பதால், இந்த ஆண்டு ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இசைப் பாடத்தையும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம், வகுப்புக்கு 40 பேர். ஒரு கீபோர்டு தவிர வேறு கருவி இல்லை. நாதம், சுருதி, ஸ்வரம், ஸ்தாயி, லயம், தாளம் என்று வரையறைகளைப் பலகையில் எழுதிப்போட்டு இரண்டு மாதம் நடத்தினேன். தேர்வில் எல்லோரும் சுருதியின் வரையறையைப் பிழையில்லாமல் எழுதினார்கள். ஆனால் கீபோர்டில் இரண்டு ஒலிகளை வாசித்து "எது மேலே?" என்று கேட்டால் பாதிப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். எந்த வரிசையில் நடத்துவது? சரிகமவா, மேற்கத்தியக் குறிமுறையா? பாடவே வராத பிள்ளைகளை என்ன செய்வது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கீபோர்டுச் சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். கோளாறு பாதி அங்கேயே தெரிகிறது. "எது மேலே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் "குரலை உயர்த்தாதே" என்று சொன்னால் அந்தப் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? கத்தாதே என்று. "மெதுவாகப் பேசு" என்றால் சத்தத்தைக் குறை என்றும் கொள்ளலாம், வேகத்தைக் குறை என்றும் கொள்ளலாம். "எட்டுக்கட்டைக் குரல்" என்று புகழ்பவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் கணீரென்ற பெரிய சத்தம்தான். கட்டை என்பது சுருதியின் இடம் என்ற நினைப்பே இருக்காது. ஒலியின் உயரம், பலம், வேகம் மூன்றையும் நம் அன்றாடப் பேச்சு ஒரே கூடையில் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கூடையோடு வகுப்புக்கு வருகிற பிள்ளை, எது பலமாகக் கேட்டதோ அதைத்தான் "மேலே" என்று காட்டும். கீபோர்டும் உதவாது, அதில் இடமும் வலமும்தான் இருக்கின்றன. கிட்டாரில் சுருதி ஏற ஏறக் கை உடம்பை நோக்கி வருகிறது. "மேலே" என்பது நாம் பழக்கத்தால் ஏற்றுக்கொண்ட ஓர் உவமை. அதை யாராவது ஒரு முறை பிள்ளைக்குக் காட்டியாக வேண்டும்.

ஒரு வகுப்பை இதற்கே ஒதுக்குங்கள். கீழ் ஸ்தாயியில் (ஸ்தாயி என்பது ஒரு ச முதல் அடுத்த மேல் ச வரையிலான அடுக்கு) ஓர் ஒலியைப் பலமாக வாசியுங்கள். அடுத்து மேல் ஸ்தாயியில் ஒன்றை, காதைத் தீட்டிக் கேட்கும் அளவுக்கு மெல்ல. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, ஒலி எங்கே இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் கையைத் தூக்கட்டும். முதலில் குழப்பம் வரும், வரட்டும். கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும் ஒலியை வாயால் எழுப்பிக் காட்டுங்கள், கை கூடவே ஏறட்டும். பிறகு அதே வழுக்கலைப் பலமாக, மெல்ல, வேகமாக, நிதானமாக. பத்து நிமிடத்தில் கூடையில் கிடந்த மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதுவரை "சுருதி" என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். பிரித்துப் பார்த்த பிறகு, "இந்த மேல்-கீழ் விஷயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அந்தப் பெயர் அப்போது ஒட்டும்.

நான் இத்தனை வருடம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக் கற்றதை ஒரே வரியில் சொன்னால்: காது கண்டுபிடித்ததற்கு மட்டுமே பெயர் கொடுங்கள், பெயர் பழகியதற்கு மட்டுமே குறி எழுதுங்கள். நீங்கள் இரண்டு மாதம் செய்தது தலைகீழ் வரிசை. அதற்காக வருந்த வேண்டியதில்லை. நமக்குப் பாடம் நடத்திய பலரும் அப்படித்தான் நடத்தினார்கள். நானே என் முதல் வருடத்தில் ஏழாம் வகுப்புக்குச் சுத்த ரிஷபம், சதுசுருதி ரிஷபம், ஷட்சுருதி ரிஷபம் என்று ஸ்வர வகைகளின் பதினாறு பெயர்களையும் ஒப்பிக்க வைத்திருக்கிறேன். ஒரு பையன் ஷட்சுருதி ரிஷபம் என்று சொன்னால் அது ஏதோ நோயின் பெயர் மாதிரி வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது.

இனி வரிசை. நான் தாளத்தில்தான் தொடங்குவேன். குரல் சேராத பிள்ளை உண்டு. கை தட்டத் தெரியாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுங்கள், எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி நின்ற இடத்திலேயே நடை போடட்டும். மறு பாதி பாட்டின் ஒவ்வொரு எழுத்துக்கும் தட்டட்டும். பிறகு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு என்பதை யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்: "அவங்க ஒரே மாதிரி போறாங்க, நாங்கதான் சில இடத்துல வேகமா தட்டுறோம்." மாறாமல் அடியில் ஓடுவது ஒன்று, அதன்மேல் கூடிக் குறைந்து விளையாடுவது ஒன்று. லயத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

அடுத்த படிக்கு உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே ஏணி வைத்திருக்கிறார்கள். தமிழ் வகுப்பில் மாத்திரை படித்திருப்பார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமும்தான் மாத்திரையின் அளவு என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது கால அளவை உடம்பால்தான் அளந்திருக்கிறார்கள். நம் ஸ்வரக் குறிமுறையும் அதே கணக்கில்தான் நடக்கிறது. ச என்று குறிலில் எழுதினால் ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை), சா என்று நெடிலில் எழுதினால் இரண்டு. எழுதாமல் நீட்ட வேண்டிய இடத்தில் காற்புள்ளி ஒன்றுக்கு, அரைப்புள்ளி இரண்டுக்கு. தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்தால் வேகம் இரட்டிப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும், ஏனென்றால் பாதி ஏற்கெனவே தெரியும். இந்தக் குறுக்குவழியை இசை ஆசிரியர்கள் ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பெயர்களைக் கொண்டு விளையாடுங்கள். மாலா என்றால் இரண்டும் இரண்டும் நான்கு. கமலா என்றால் ஒன்று, ஒன்று, இரண்டு, அதுவும் நான்கு. கூட்டுத்தொகை ஒன்று, வடிவம் வேறு. "மாலா கமலா" என்று சேர்த்துச் சொன்னால் எட்டு. அதன்மேல் ஆதி தாளத்தைப் போடச் சொல்லுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. வகுப்பே சிரித்துக்கொண்டு ஓர் ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றை, முடித்துவிடும். ஒரு எச்சரிக்கை. மெய்யெழுத்து நடுவில் வரும் பெயர்களை ஆரம்பத்தில் தவிருங்கள். கண்ணன் என்பதில் "கண்" இலக்கணக் கணக்குப்படி ஒன்றரை மாத்திரை. பாடும்போதோ பெரும்பாலும் இரண்டாக நீண்டுவிடும். விவரமான பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டால் அரை வகுப்பு போய்விடும். (போனாலும் நல்ல வகுப்புதான், ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம்.)

தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு, தகதிமி தகதகிட ஒன்பது. இவற்றை வாயால் சொல்லித் தட்டுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பாதி தகிடவும் மறு பாதி தகதிமியும் ஒரே வேகத்தில் சொல்லட்டும். இரு பாதியும் மறுபடி எப்போது ஒன்றாகத் தொடங்குகிறார்கள் என்று கேளுங்கள். பன்னிரண்டு அட்சரம் முடிந்ததும். எட்டட்சரத் தாளத்தில் தகதகிடவை விடாமல் சொன்னால் நாற்பது முடிந்ததும், அதாவது ஐந்து ஆவர்த்தனம் கழித்து. மீச்சிறு பொது மடங்கு என்று நீங்கள் காலையில் கணித வகுப்பில் நடத்தியதுதான், மதியம் கைதட்டலாக வந்து நிற்கும்.

ஆனால் கணித ஆசிரியை என்பதால் ஓர் இடத்தில் உங்களுக்குக் கை பரபரக்கும், அங்கே மட்டும் கவனம். மேற்கத்தியக் குறிமுறையில் முழு ஸ்வரம், அரை ஸ்வரம், கால் ஸ்வரம் என்று பெயர்கள் இருப்பதைப் பார்த்ததும் "ஆகா, பின்னங்கள்!" என்று தோன்றும். வட்டம் வரைந்து நான்காகப் பிரித்துக் காட்டத் தோன்றும். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள், பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். மூன்றாவது வாரம் மூன்றின் கீழ் நான்கு என்ற தாளக்குறி வரும்போது சிக்கல். "முக்கால்தான் இருக்கிறது, மீதிக் கால் எங்கே?" என்பான் ஒருவன். கேள்வி சரி, நாம் சொன்ன கதைதான் தப்பு. அது பின்னமே கிடையாது. நடுவில் கோடுகூடக் கிடையாது. மேலே இருக்கும் எண், ஒரு கட்டத்தில் எத்தனை தட்டு என்று சொல்கிறது. கீழே இருக்கும் எண், எந்த வகை ஸ்வரத்தை ஒரு தட்டாக எண்ணுவது என்று சொல்கிறது. அது பின்னமாக இருந்தால் ஆறின் கீழ் எட்டை நாம் மூன்றின் கீழ் நான்காகச் சுருக்கிவிடலாமே? சுருக்கினால் இசையே மாறிவிடும். மூன்றின் கீழ் நான்கு என்பது இரண்டிரண்டாக மூன்று கொத்து. ஆறின் கீழ் எட்டு என்பது மும்மூன்றாக இரண்டு கொத்து. ஆறு வரை எண்ணிக்கொண்டே ஒன்று, மூன்று, ஐந்தில் அழுத்தித் தட்டச் சொல்லுங்கள். பிறகு ஒன்று, நான்கில் மட்டும். அதே ஆறு, ஆனால் உடம்பு வேறு மாதிரி ஆடும்.

தாளத்தில் ஆறேழு வாரம் போகட்டும். கூடவே வகுப்புத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் சுருதி. கைபேசியில் தம்பூராச் செயலி ஒன்று போதும்.

எந்தச் சுருதியில் வைப்பது என்பது முக்கியம். கர்நாடக வாய்ப்பாட்டு கற்ற பெண்களில் பலருக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டைதான் வசதி (கீபோர்டில் சி என்ற வெள்ளைக் கட்டை ஒன்று, அதையடுத்த கறுப்பு ஒன்றரை, டி இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவது). உங்களுக்கும் அப்படியே இருக்கலாம். ஆனால் அந்தச் சுருதியில் ச முதல் ப வரை மட்டும் பாடவைத்தால் பிள்ளைகள் அடித்தொண்டையில் உறுமுவார்கள். அப்புறம் சுருதி சேரவில்லை என்று நாம் அவர்களையே குறை சொல்வோம். ஒன்றரை அல்லது இரண்டு கட்டையில், நடு ஸ்தாயியில் ச வைத்துப் பாருங்கள். இரண்டு கட்டையில் ச வைத்தால் ப விழும் இடம் வினாடிக்கு 440 அதிர்வு, உலகம் முழுக்க வாத்தியக் குழுக்கள் சுருதி சேர்க்கும் பொது அளவு. ஆசிரியர் ஆணாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. அவர் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார், சில பிள்ளைகள் அந்தக் கனத்தையே நகல் எடுக்கப் பார்ப்பார்கள். அங்கே பிள்ளைகளில் ஒருவரையே வழிகாட்டியாகப் பாடவிடுவது நல்லது.

முதலில் ச மட்டும். பிறகு ச, ப. பிறகு மேல் ச. அதற்கப்புறம் மரபுப்படி மாயாமாளவகௌளை ராகத்தில் சரளிவரிசை என்ற முதல் ஸ்வரப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்; புரந்தரதாசர் வகுத்த பாதை என்று சொல்வார்கள். ஒரு குருவிடம் தினமும் பாடம் கேட்கும் மாணவருக்கு அது அருமையான பாதை. வாரம் 40 நிமிடத்தில், 40 பேர் இருக்கும் வகுப்பில், ச-வுக்கும் அதை ஒட்டி நிற்கும் ரி-க்கும் இடையே உள்ள அந்தச் சின்ன இடைவெளியைப் பிடிப்பது கஷ்டம். நான் மோகன ராகத்தில் தொடங்குவேன்: ச ரி க ப த. ஐந்தே ஸ்வரம். அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு நடுவே நெருக்கமான இடைவெளி எதுவும் இல்லை. எந்த ஸ்வரத்தையடுத்து எதைப் பாடினாலும் காதுக்கு உறுத்தாது, அதனால் பிள்ளைகள் தைரியமாகத் தாங்களே சொற்றொடர் கட்டுவார்கள். மரபில் ஊறியவர்கள் இதற்கு என்னோடு சண்டை போடுவார்கள். போடட்டும், அவர்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பேன்.

ஸ்வரங்களை எழுதிக் காட்டும் முன் பிள்ளைகளையே ஸ்வரங்களாக நிறுத்துங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஒரு நரம்பின் (அதாவது ஸ்வரத்தின்) பெயரை வைத்து ஆடவைக்கிறாள். இதைவிட நல்ல வகுப்பறைப் பயிற்சியை நான் பார்த்ததில்லை. ஐந்து பேரை ச ரி க ப த என்று நிறுத்துங்கள். நீங்கள் யார் தலையைத் தொடுகிறீர்களோ அந்த ஸ்வரத்தை வகுப்பு பாட வேண்டும். கொஞ்சம் பழகியதும் ஒரு பிள்ளை வந்து தொடட்டும். அதுதான் அன்றைய இசையமைப்பாளர். க-வுக்கும் ப-வுக்கும் நடுவே ஓர் ஆள் அளவு இடம் விட்டு நிறுத்த மறக்காதீர்கள். அங்கே ம வர வேண்டும் என்பதைப் பின்னால் பிள்ளைகளே கேட்பார்கள்.

கையால் காட்டும் முறையும் உண்டு. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வன் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைச்சைகை வகுத்தார். பிறகு ஹங்கேரியில் இசையமைப்பாளர் சோல்டான் கொடாயின் வழியில் நடத்தியவர்கள் அதைப் பள்ளிகள் முழுக்கப் பரப்பினார்கள். அந்தச் சைகைகளே வேண்டும் என்பதில்லை. இடுப்பில் ச, நெஞ்சில் க, தோளில் ப, தலையில் மேல் ச என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு ரகசியம் இருக்கிறது: பாடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் உதட்டில் விரல் வைத்து, சத்தமில்லாமல் மனதுக்குள் பாடச் சொல்லிக் கையை மட்டும் அசையுங்கள். நான்கைந்து ஸ்வரம் கழித்து மறுபடி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். வகுப்பு சரியான ஸ்வரத்தில் வந்து இறங்கினால் அங்கே கோட்பாடு புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

சரிகமவா மேற்கத்தியமா என்ற கேள்விக்கு என் பதில்: காதுக்குச் சரிகம, கீபோர்டுக்கு ஆங்கில எழுத்துப் பெயர்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கீபோர்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒன்று நிச்சயம் வந்து "ச என்றால் சி" என்று சொல்லும். சொன்னால் மறுத்துப் பேசாமல், அதே பாட்டை ஒன்றாம் கட்டையிலும் நான்காம் கட்டையிலும் வாசித்துக் காட்டுங்கள். பாட்டு மாறவில்லை, கட்டைகள் மட்டும் மாறின. சி, டி, இ என்பவை கீபோர்டில் வீட்டு எண் மாதிரி, நகராது. ச ரி க என்பவை அப்பா, அம்மா, அக்கா மாதிரி, யார் வீட்டுக்குப் போனாலும் உறவு அதேதான். மேற்கிலும் இதே உறவுமுறை உண்டு. சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் இத்தாலியில் கைடோ என்ற துறவி, ஒவ்வொரு வரியும் முந்தையதைவிட ஒரு படி மேலே தொடங்கும் ஒரு துதிப்பாடலை எடுத்து, வரிகளின் முதல் அசைகளையே ஸ்வரப் பெயர்களாக்கினார். இன்றைய டோ ரே மி அதிலிருந்து வளர்ந்ததுதான். அவருக்கும் இதே கவலைதான்: பாடகர்களுக்குப் புதுப் பாட்டைச் சீக்கிரம் கற்றுத்தர வேண்டும்.

ஐந்து கோட்டுக் குறிமுறையை எட்டாம் வகுப்புக்கு முன் தொட வேண்டாம். தொடும்போதும் ஒரே கோட்டில் தொடங்குங்கள்: கோட்டின்மேல் ச, அதற்கு மேலே ரி, கீழே நி. பிறகு இரண்டு கோடு. ஐந்து கோட்டையும் இரண்டு விதக் குறியீட்டுச் சாவிகளையும் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறிகள்) ஒரே நாளில் காட்டினால் பிள்ளை இசையை மறந்து கோடு எண்ணத் தொடங்கிவிடும்.

எட்டாம் வகுப்புக்கு நீங்கள் மட்டுமே கொடுக்கக்கூடிய விருந்து ஒன்று இருக்கிறது. ச-வை வினாடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரி 270, க 300, ம 320, ப 360, த 400, நி 450, மேல் ச 480. சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள், தூய விகிதத்தில். பிள்ளைகள் விகிதத்தைச் சுருக்கட்டும்: ப-வுக்கு 3/2, ம-வுக்கு 4/3, க-வுக்கு 5/4. கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ச, மூன்றில் இரண்டு பங்காக்கினால் ப. ஒரு மரப்பலகையில் இரண்டு ஆணி அடித்துக் கம்பி கட்டி அளவுகோலை வைத்தால் அதைக் காதாலேயே கேட்கலாம். எண் சிறியதாக இருக்கும் இடங்களில் ஒலி இழைகிறது என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஓர் அமைதி வரும். அதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

அடுத்து ஒரு குறும்பு. கீபோர்டு இந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. அது ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதமாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் ஏறத்தாழ 1.0595 மடங்கு. அப்படி நான்கு படி ஏறினால் க 300-க்குப் பதில் சுமார் 302.4. இந்த இரண்டு எண்களையும் இரண்டு கைபேசிகளில் அதிர்வெண் எழுப்பும் செயலியில் போட்டு ஒன்றாக ஒலிக்கவிடுங்கள். வினாடிக்கு இரண்டு மூன்று முறை ஒலி விம்மி விம்மி அடங்கும். தம்பூராவோடு சேர்ந்து பாடிய காது கீபோர்டின் காந்தாரத்தில் (க) ஏதோ நெருடுகிறது என்று ஏன் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கறுப்புக் கட்டைகளையும் விட்டுவிடாதீர்கள். நாலரைக் கட்டையில் தொடங்கி ஐந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகனம். அதே ஐந்தை ஐந்தரையில் தொடங்கினால் மத்தியமாவதி, ஆறரையில் இந்தோளம், ஒன்றரையில் சுத்த சாவேரி, இரண்டரையில் சுத்த தன்யாசி. கட்டைகள் அதேதான், வீடு என்று எதை நினைக்கிறோமோ அதற்கேற்ப முகம் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் தொடக்க ஸ்வரத்தைச் சுருதியாகக் கீழே பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் காது மோகனத்துக்கே திரும்பிவிடும். பெயர்கள் பிள்ளைகளுக்கு மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும், அந்த மாற்றத்தை ஒரு முறை கேட்டால் போதும்.

இன்னும் நேரம் இருந்தால் எழுபத்திரண்டு மேளத்தை (ஏழு ஸ்வரமும் கொண்ட தாய் ராகங்களை) சேர்மானக் கணக்காகக் கொடுங்கள். ச-வுக்கும் ம-வுக்கும் நடுவே நான்கு இடம். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் கீழது ரி, மேலது க: ஆறு வழி. ப-வுக்கு மேலே த, நி அதேபோல் ஆறு. ம இரண்டு வகை. ஆறு ஆறு இரண்டு, எழுபத்திரண்டு. பதினாறு பெயர்களை மனப்பாடம் செய்யாமலே இந்தக் கணக்கை வகுத்த வேங்கடமகியின் கட்டுமானம் புரிந்துவிடும்.

பாடவே வராத பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பத்து வயதில், ஒரு விழாவுக்கான குழுப்பாட்டு ஒத்திகையில், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வர வேண்டாம்" என்றார்கள். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, விழா நன்றாக வர வேண்டும் என்ற பதற்றம். நான் அதற்கப்புறம் நான்கு வருடம் யார் முன்னாலும் பாடவில்லை. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலை ஆள் கிடையாது. ஒரு பிள்ளையின் குரல் வேறெங்கோ நிற்கிறது என்றால், அந்தப் பிள்ளையை உங்கள் சுருதிக்கு இழுக்காதீர்கள். அது பாடும் ஒலியைக் கீபோர்டில் தேடிப் பிடித்து, வகுப்பு முழுவதையும் அந்த ஒலிக்கு வரச் சொல்லுங்கள். தன் குரலும் மற்றவர் குரலும் ஒன்றாவது எப்படி இருக்கும் என்பது அந்தப் பிள்ளைக்கு ஒருவேளை அன்றுதான் முதல்முறையாகத் தெரியும். அங்கிருந்து அரைப் படி, ஒரு படி என்று நகர்த்தலாம். நான் பார்த்தவரை பெரும்பாலான பிள்ளைகள் சில மாதத்தில் சேர்ந்துவிடுகிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பையன்கள் வேறு கதை. மகரக்கட்டு உடையும் வயது. போன மாதம் மேல் ச பாடியவனுக்கு இந்த மாதம் நடுவில் குரல் கீறும். அதைக் கேலி இல்லாமல் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள்: குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, அதனால் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. முன்பு கம்பியில் பார்த்த அதே விஷயம்தான். அவர்களுக்குக் கீழ் ச பிடிப்பது, ஜதி (தகதிமி போன்ற தாளச் சொற்கள்) சொல்வது, தாளம் போடுவது என்று வேலை கொடுங்கள்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். "சுருதி என்றால் என்ன?" என்ற கேள்வியை வினாத்தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிலாக நீங்கள் வாசிக்க, அவர்கள் எழுதட்டும். இரண்டு ஒலி, எது மேலே? இரண்டு சொற்றொடர், ஒன்றா வேறா? ஒரு தாளச் சொற்றொடரைத் தட்டிக் காட்டி, தாளில் இருக்கும் மூன்றில் எது என்று குறிக்கச் சொல்லலாம். பத்துக் கேள்வி, பத்து நிமிடம், 40 பேருக்கும் ஒரே நேரத்தில். மீதி மதிப்பெண்ணுக்கு நால்வர் குழுவாக, ஓர் ஆவர்த்தனம் தாங்களே இட்டுக்கட்டி, எழுதி, செய்து காட்டட்டும். தனியாக நிறுத்திப் பாடவைத்து மதிப்பெண் போடாதீர்கள். மேலதிகாரி யாராவது வரையறை எங்கே என்று கேட்டால், ஆண்டு இறுதியில் பிள்ளைகளையே தங்கள் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லி அந்தத் தாள்களைக் காட்டுங்கள்.

கடைசியாக, வகுப்பு சோர்ந்து கிடக்கும் ஒரு நாளுக்காக. ஒரே மாதிரி கண்ணாடிப் பாட்டில்கள் ஐந்தில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, கரண்டியால் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். இனி அதே பாட்டில்களின் வாயில் ஊதச் சொல்லுங்கள். இப்போது தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும்! ஏன் என்று கேட்டுவிட்டு மணி அடிக்கும்வரை பேசாமல் இருங்கள். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும், பாரம் கூடினால் அதிர்வு மந்தமாகும். ஊதும்போது அதிர்வது மேலே மிச்சமிருக்கும் காற்று, அது குறுகினால் அதிர்வு வேகமாகும். பதிலை அடுத்த வாரம் அவர்களே கொண்டுவரட்டும். முந்தைய நாள் வீட்டில் ஒரு முறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள், வாய் குறுகிய பாட்டிலாக இருந்தால்தான் ஊதுவதற்கு ஒலி வரும்.